பிள்ளைக்கு இரத்தம் எடுக்கும் நாள்



சென்ற மாதம் எங்கள் மருத்துவ நேரத்தில் பிள்ளைகளின் இரும்புச்சத்துக் குறைவு பற்றிக் கதைத்திருந்தோம். நிகழ்ச்சி முடிந்த பிறகும் அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. அழைத்தவர்களில் பலர் கேட்டது இரும்புச்சத்தைப் பற்றியல்ல. "டொக்டர் இரத்தம் எடுக்கச் சொல்லித் துண்டு தந்திட்டார். பிள்ளை ஊசி எண்ட சொல்லைக் கேட்டாலே குளறுது. துண்டு மூண்டு மாதமாக் குசினிச் சுவரிலை ஒட்டினபடி கிடக்குது. என்ன செய்யிறது?" என்பதுதான் கேள்வி. எனவே இந்த மாத உரையை அதற்கே ஒதுக்குகிறேன்.

நான் வைத்தியர் அல்ல. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் 15 வருடங்களுக்கு மேலாக இரத்தம் எடுக்கும் வேலை செய்கிறேன். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் நிறையப் பேருக்கு எடுத்திருக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு வேறு நோய்கள் இருந்தால் குடும்ப வைத்தியரைக் கேட்டே எதையும் செய்யுங்கள். நான் சொல்லப்போவது எல்லோருக்கும் பொதுவானவை.

சுவரில் ஒட்டியிருக்கும் அந்தத் துண்டை இலேசாக எண்ண வேண்டாம். பிள்ளை ஏன் களைக்கிறது, ஏன் வளர்த்தி குறைவு, ஏன் அடிக்கடி தண்ணீர் குடிக்கிறது என்பதற்கான பதில் பல வேளைகளில் இரத்தத்தில்தான் இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்த முடியாது. தலசீமியாவைக் கடத்தும் மரபணு தெற்காசியர்களிடையே காணப்படுவதால் அதையும் வைத்தியர்கள் சில நேரம் தேடிப் பார்ப்பார்கள். (பிள்ளை அடிக்கடி தண்ணீர் குடித்து, அடிக்கடி சலம் கழித்து, மெலிந்தும் வந்தால் துண்டோடு காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.) இப்படியான நோய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அந்தப் பிள்ளைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் இரத்தம் எடுக்க வேண்டி வரலாம். ஆகவே முதல் தடவை எப்படி நடக்கிறது என்பது முக்கியம். ஐந்து வயதில் நாலு பேர் அமத்திப் பிடித்து எடுத்த இரத்தத்தை அந்தப் பிள்ளை இலகுவில் மறக்காது. வளர்ந்த பிறகும் வைத்தியரிடம் போகாமல் தள்ளிப்போடும் பெரியவர்கள் சிலரைக் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

பயம் எங்கிருந்து வருகிறது?

குத்தினால் நோகும் என்ற பயம் இயற்கையானது. அதற்கு மேலே நாங்கள் ஏற்றிவிடுகிற பயமும் இருக்கிறது. "குழப்படி செய்தால் டொக்டரிட்டைச் சொல்லி ஊசி போடுவிப்பன்" என்று எத்தனை வீடுகளில் சொல்கிறோம்? சோறு தின்னாததற்கும் ஊசி, படிக்காததற்கும் ஊசி. பிறகு ஒருநாள் உண்மையாகவே ஊசி என்று கூட்டிக்கொண்டு போனால், தான் செய்த பிழைக்குத் தண்டனை என்றுதான் அந்தப் பிள்ளை நினைக்கும். "நான் இனிக் குழப்படி செய்யமாட்டன்" என்று என் கதிரையில் இருந்து கெஞ்சி அழுத பிள்ளைகள் உண்டு. கேட்கவே மனது கஷ்டப்படும். இன்றைக்கே அந்தப் பயமுறுத்தலை நிறுத்துங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அடுத்தது எங்கள் சொந்தப் பயம். இரத்தம் என்றால் எங்கள் தலைமுறைக்கு வேறு நினைவுகள் வரும். காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், மருந்தில்லாத வைத்தியசாலையில் காத்துக் கிடந்தவர்கள் எங்கள் நேயர்களில் இருக்கிறார்கள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குடிவரவுக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போய், எதற்காக எடுக்கிறார்கள், முடிவு பிழைத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று தெரியாமல் கையை நீட்டியவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பதற்றம் உடம்பில் இருக்கும். பிள்ளையின் கையைப் பிடித்திருக்கும் உங்கள் கை வேர்த்தால் பிள்ளைக்கு அது தெரியும். உங்களால் பார்க்க முடியாது என்றால் அதில் வெட்கம் எதுவும் இல்லை. சித்தியோ மாமாவோ, பிள்ளைக்குப் பிடித்த யாராவது கூட வரட்டும். நீங்கள் வெளியில் இருந்து, முடிந்ததும் அணைத்துக்கொள்ளுங்கள்.

பொய் சொல்லிக் கூட்டிவர வேண்டாம்

"பீற்சா வாங்கப் போறம்" என்று சொல்லி வாகனத்தில் ஏற்றி, எங்கள் நிலையத்து வாசலில் இறக்குகிற பெற்றோரை நான் அடிக்கடி காண்கிறேன். பிள்ளை அழுது அடம்பிடிக்கும் என்ற பயத்தில்தான் செய்கிறார்கள், எனக்கு விளங்குகிறது. ஆனால் பிள்ளை வாசலில் கண்டுபிடித்துவிடும். பிறகு அதற்கு இரண்டு பயம். ஒன்று ஊசிப் பயம். மற்றது, அம்மா சொல்வதை இனி நம்பலாமா என்ற பயம். அடுத்த வாரம் உண்மையாகவே பீற்சாக் கடைக்குப் போனாலும் வாகனத்தில் ஏற யோசிக்கும்.

"நோகாது" என்பதும் அப்படித்தான். நோகும். கொஞ்சம்தான், கொஞ்ச நேரம்தான், ஆனால் நோகும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உன்ரை கையிலையிருந்து கொஞ்சம் இரத்தம் எடுக்கப் போகினம். நீ ஏன் களைக்கிறாய் எண்டு பார்க்கத்தான். சில பிள்ளையளுக்கு நுள்ளினமாதிரி இருக்குமாம், சில பேருக்கு அமத்தினமாதிரி இருக்குமாம். உனக்கு எப்பிடி இருந்தது எண்டு எனக்குப் பிறகு சொல்லு." இதில் பொய் இல்லை. பிள்ளைக்கு ஒரு வேலையும் கொடுத்திருக்கிறீர்கள். தனக்கு எப்படி இருக்கிறது என்று கவனிக்கிற பிள்ளைக்குக் குளற நேரம் குறைவு.

"ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை, பயப்பிடாதை" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் அவ்வளவாக உதவாது. பெற்றோர் ஓயாமல் ஆறுதல் சொல்லும்போது பிள்ளையின் பதற்றம் கூடுவதாகவே ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது, அதனால்தான் அம்மா இப்படிச் சொல்கிறா என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வேறு கதை கதைப்பது நல்லது.

எப்போது சொல்வது?

இது வயதைப் பொறுத்தது. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்குப் புறப்படுவதற்குச் சற்று முன் சொன்னால் போதும். நாலு முதல் ஏழு வயது வரை அன்று காலையில் அல்லது முதல்நாள் சொல்லலாம். பொம்மைக்கோ கரடிக்குட்டிக்கோ "இரத்தம் எடுத்து" விளையாடிக் காட்டுங்கள். கையைக் கட்டுவது, துடைப்பது, எடுப்பது, பிளாஸ்டர் ஒட்டுவது என்று ஒழுங்காக. எட்டு வயதுக்கு மேல் இரண்டொரு நாள் முன்னதாகவே சொல்லி, கேட்கிற கேள்விகளுக்கு உள்ளதைச் சொல்லுங்கள்.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பால்தான் நல்ல மருந்து. எடுக்கும்போது பால் கொடுத்துக்கொண்டிருந்தால் குழந்தைக்கு நோவு குறைகிறது என்பது பல ஆய்வுகளில் கண்ட விடயம். வெட்கப்படாமல் கேளுங்கள், திரையை இழுத்துவிடச் சொல்லலாம். ஆனால் ஊரில் செய்தமாதிரித் தேன் தொட்டு வாயில் வைக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து கடும் நோயை உண்டாக்கலாம்.

"இவ்வளவு இரத்தம் எடுத்தால் பிள்ளை என்னாகும்?"

இந்தக் கேள்வியைப் பிள்ளைகளை விட அம்மம்மாமார்தான் கூடக் கேட்பார்கள். கணக்கைப் பார்ப்போம். பிள்ளையின் உடம்பில் ஒரு கிலோ நிறைக்கு ஏறத்தாழ 75 மில்லி லீற்றர் இரத்தம் இருக்கும். 20 கிலோ நிறையுள்ள பிள்ளையிடம் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர். வழமையான பரிசோதனைக்கு நாங்கள் எடுப்பது பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி அளவு, அதாவது 5 முதல் 10 மில்லி லீற்றர். இது நூறில் ஒரு பங்கிலும் குறைவு. உடம்பு அதை மீண்டும் உண்டாக்கிக்கொள்ளும். மூன்று நாலு குழாய்களைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒவ்வொரு குழாயிலும் வேறு வேறு மருந்து இருக்கும், அதனால்தான் மூடிகள் வேறு வேறு நிறம். ஊசியும் பலமுறை குத்துவதில்லை. ஒரே ஊசியில் குழாய்களை மட்டும் மாற்றுவோம்.

சின்னப் பிள்ளைகள் சிலர் அந்த ஓட்டையால் இரத்தம் முழுக்க வெளியே வந்துவிடும் என்று நினைப்பார்கள். பிளாஸ்டர் ஒட்டியதும் அழுகை நிற்பது அதனால்தான். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "இரத்தம் தானாக நிண்டிடும், மேலை பிளாஸ்டரும் ஒட்டுவினம்." சிறு பிள்ளைகளுக்குப் பாவிக்கும் ஊசி இரு பக்கமும் சிறகு வைத்தது. வண்ணத்துப்பூச்சி ஊசி என்றே அதற்குப் பெயர். பெரும்பாலும் 0.6 மில்லி மீற்றர் தடிப்புத்தான்.

மரக்கச் செய்யும் களிம்பு

எங்கள் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. தோலை மரக்கச் செய்யும் களிம்பு இருக்கிறது. கனடாவில் வைத்தியரின் துண்டு இல்லாமலே மருந்துக்கடையில் வாங்கலாம். "நம்பிங் கிறீம்" என்று கேட்டால் விளங்கும். எம்லா, அமெரொப், மக்சிலீன் என்ற பெயர்களில் வருகின்றன. எம்லாவை ஒரு மணித்தியாலத்துக்கு முன்பும், மற்ற இரண்டையும் ஏறத்தாழ அரை மணித்தியாலத்துக்கு முன்பும் பூச வேண்டும். முழங்கையின் உட்பக்க மடிப்பில் தடிப்பாக வைத்து, கூட வரும் ஒட்டியால் மூடிவிடுங்கள். தேய்க்க வேண்டாம். எந்தக் கையில் நாளம் நன்றாகத் தெரியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு கையிலும் பூசலாமா, பிள்ளையின் நிறைக்கு எவ்வளவு பூசலாம் என்று மருந்தாளரிடம் கேளுங்கள். அளவுக்கு மேல் பூசக்கூடாது. காயம், சொறி உள்ள தோலிலும் பூசக்கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை என்றால் கட்டாயம் கேட்டுத்தான் பூச வேண்டும். எம்லா பூசிய இடம் சற்று வெளிறித் தெரியும், அது வழமையானது.

இந்தக் களிம்பு குத்தும் நோவைக் குறைக்கும். கையில் பட்டி கட்டும் இறுக்கத்தை எடுக்காது. அதைப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் "மருந்து வேலை செய்யேல்லை" என்று பட்டி கட்டும்போதே அழத் தொடங்கிவிடும்.

அன்று தண்ணீர் நன்றாகக் குடிக்கக் கொடுங்கள். வெறும் வயிற்றில் எடுக்கும் பரிசோதனைக்கும் பொதுவாகத் தண்ணீர் குடிக்கலாம், ஆனாலும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். வெறும் வயிறு தேவை என்றால் காலை முதல் நேரத்தைக் கேட்டு எடுங்கள். பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பொறுமை இராது. குளிர்காலத்தில் கையுறையோடு கூட்டிவாருங்கள். கை சூடாக இருந்தால் நாளம் இலகுவில் அகப்படும்.

எப்படி இருத்துவது?

பிள்ளையை நிமிர்த்திப் படுக்கவைத்துக் கையையும் காலையும் அமத்துவதுதான் அதற்கு மிகவும் பயங்கரமான நிலை. மடியில் இருத்துங்கள். சின்னப் பிள்ளை என்றால் உங்கள் நெஞ்சைப் பார்த்தபடி, கால்கள் உங்கள் இடுப்பின் இரு பக்கமும் வர, கட்டி அணைத்தபடி இருத்தலாம். ஒரு கை மட்டும் எங்களிடம் நீளட்டும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை முதுகை உங்கள் நெஞ்சில் சாய்த்து இருக்கலாம். அணைப்பும் அமத்தலும் இரண்டும் பிடிப்பதுதான், ஆனால் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியும்.

பிறகு கவனத்தைத் திருப்புங்கள். சவர்க்காரக் குமிழி ஊதுவது, காகிதக் காற்றாடியை ஊதிச் சுற்றுவது, நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணுவது, தொலைபேசியில் அம்மம்மாவோடு கதைப்பது, பிடித்த பாட்டைக் கேட்பது எல்லாம் உதவும். ஊதும்போது மூச்சு நீளமாகும், உடம்பு தளரும். கவனத்தைத் திருப்புவதும் மூச்சுப் பயிற்சியும் பிள்ளைகளின் நோவையும் பயத்தையும் குறைக்க உதவுகின்றன என்பதற்கான ஆதாரங்களை 2018 இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு எடுத்துக் காட்டியது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இல்லை. சில பிள்ளைகள் ஊசி போவதைப் பார்த்தால்தான் அமைதியாக இருப்பார்கள். பார்க்க விரும்பினால் பார்க்கட்டும்.

ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்னா ராடியோவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இதற்கென்றே "காட்" என்ற முறையை உருவாக்கினார்கள். முதலில் பாடசாலைத் தடுப்பூசிக்காக வந்த முறை, இரத்தம் எடுப்பதற்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் நாலு எழுத்தும் நாலு வழிகள். வசதியாக இருப்பது, கேள்வி கேட்பது, உடம்பைத் தளர்த்துவது, கவனத்தைத் திருப்புவது. கடதாசி விளையாட்டில் துருப்பு இறக்குவதுபோலத் தனக்கு வேண்டியதைப் பிள்ளையே தெரிவுசெய்யும். எந்தக் கை, பார்ப்பதா பார்க்காமல் விடுவதா, எந்தப் பாட்டு என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். "எடுப்பமா?" என்று மட்டும் கேட்க வேண்டாம். "வேண்டாம்" என்று சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை என்றால், அது உண்மையான கேள்வி அல்ல.

மயக்கம் வருகிற பிள்ளைகள்

சில பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பதின்ம வயதில், இரத்தத்தைக் கண்டதும் இரத்த அழுத்தம் சடுதியாக விழுந்து தலை சுற்றும். இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதுண்டு. மகளைக் கூட்டிவந்த தகப்பன் மகளுக்கு முதல் விழுந்ததையும் பார்த்திருக்கிறேன். இப்படியானவர்களுக்கு உடம்பைத் தளர்த்துவது உதவாது, இறுக்குவதுதான் உதவும். சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் கோறன் ஊஸ்ற் 1980களில் இதை ஒரு பயிற்சியாக வகுத்தார். கால், வயிறு, மற்றக் கை ஆகியவற்றின் தசைகளை முகம் சூடாகும் வரை 10 முதல் 15 விநாடி இறுக்கி, பிறகு 20 முதல் 30 விநாடி சாதாரணமாக விட்டு, ஐந்து தடவை செய்ய வேண்டும். வீட்டில் சில நாள் பழகிவிட்டு வாருங்கள். இரத்தம் எடுக்கும் கை மட்டும் தளர்வாக இருக்கட்டும். முன்பு மயங்கியதுண்டு என்றால் வந்தவுடன் சொல்லுங்கள், படுக்கவைத்தே எடுப்போம்.

கேட்பதற்குத் தயங்க வேண்டாம்

எங்கள் ஆட்கள் வெள்ளை உடுப்பைக் கண்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். "அவையள் என்ன நினைப்பினமோ" என்று பேசாமல் இருப்பார்கள். நான் அந்தப் பக்கம் நிற்கிறவள் என்றபடியால் சொல்கிறேன், கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது. பிள்ளைக்குப் பயம் அதிகம், கொஞ்சம் நேரம் தாருங்கள் என்று கேட்கலாம். பிள்ளைகளுக்கு எடுத்துப் பழகியவர் இருக்கிறாரா என்று கேட்கலாம். இரண்டு தரம் குத்தியும் கிடைக்காவிட்டால் வேறொருவரைப் பார்க்கச் சொல்லலாம். அவசரமில்லாத பரிசோதனை, பிள்ளை கட்டுக்கடங்காமல் பதறுகிறது என்றால் இன்னொரு நாளைக்கு வைப்போமா என்று கேட்கலாம். ஆனால் அந்த இன்னொரு நாளுக்குத் திகதி குறித்துக்கொண்டு போங்கள். துண்டு திரும்பவும் குசினிச் சுவருக்குப் போகக் கூடாது.

இன்னொன்று. ஆங்கிலம் குறைவான பெற்றோருக்குப் பிள்ளைதான் எங்கும் மொழிபெயர்ப்பாளர். பாடசாலைக் கடிதமும் வாடகைப் பத்திரமும் அதுதான் வாசிக்கும். தன் இரத்தப் பரிசோதனைக்குமா அது மொழிபெயர்க்க வேண்டும்? பயந்துபோயிருக்கும் எட்டு வயதுப் பிள்ளை, ஊசி பற்றி எங்களிடம் கேட்டு அம்மாவுக்குத் தமிழில் சொல்லி, அம்மாவின் பயத்தை எங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நாளைக்காவது அது பிள்ளையாக இருக்கட்டும். பெரிய வைத்தியசாலைகள் பலவற்றில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டிக் கேட்கலாம். பரிசோதனை நிலையத்துக்கு என்றால் மொழி தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிவாருங்கள்.

முடிந்த பிறகு

பஞ்சை வைத்து இரண்டு மூன்று நிமிடம் அமத்திப் பிடியுங்கள். கை நேராக இருக்கட்டும். சின்னக் கண்டல் வந்தால் சில நாளில் மாறிவிடும்.

அழுத பிள்ளையை "வெக்கம், வெக்கம்" என்று பகிடி பண்ண வேண்டாம். அழலாம், கையை அசைக்காமல் இருந்தால் போதும். "கையை எவ்வளவு ஆடாமல் வைச்சிருந்தாய்", "குமிழி ஊதினதாலை கெதியாய் முடிஞ்சுது" என்று அது நன்றாகச் செய்ததைச் சொல்லுங்கள். அன்றிரவு அப்பாவுக்கு அந்தக் கதையைப் பிள்ளையே சொல்லட்டும். பிள்ளை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறதோ, அதைக் கொண்டுதான் அடுத்த தடவை வரும். எப்படி இருந்தது என்று சொல்லச் சொல்லியிருந்தீர்களே, அதையும் மறக்காமல் கேளுங்கள்.

ஒரு பரிசோதனைக் குழாய் இரத்தத்தை நாளைக்கும் எடுக்கலாம். அம்மா அப்பா சொன்னால் உண்மை என்ற நம்பிக்கை போனால் திரும்ப எடுப்பது கடினம். அதைக் காப்பாற்றிக்கொண்டு வாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்கள் கேள்விகளை வழமைபோல வானொலி நிலையத்துக்கு எழுதுங்கள் அல்லது நிகழ்ச்சி நேரத்தில் அழையுங்கள். அடுத்த மாதம் இன்னொரு விடயத்தோடு சந்திப்போம்.

வணக்கம்.